வாளின் வாயிலே பிறக்கும் தூசி

தமிழிலே தூசிக்குப் பெயர்கள் பல. துகள், தூள், புழுதி, பூழி, நீறு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நிலத்திலிருந்து காற்றோடு எழுவது புழுதி. நெருப்பு விட்டுச் செல்வது நீறு. இடித்தும் அறுத்தும் அரைத்தும் பெறுவது தூள். மலைநாட்டுத் தோட்டங்களிலே இவற்றோடு இன்னொரு சொல்லும் வழங்குகிறது. அது 'டஸ்ட்'. தொழிற்சாலையின் சல்லடைகளிலே பெரிய இலைத் துண்டுகளெல்லாம் தத்தம் தரத்துக்குப் பிரிந்து போனபின் கடைசியில் நிற்கும் நுண்ணிய தேயிலைக்கு வணிகர் இட்ட பெயர் அது. அதற்கு விலை உண்டு. ஏலத்திலே கேட்பார் உண்டு. மூட்டை கட்டி மூடி வைக்கும் கவனமும் உண்டு. அதே அறையின் காற்றிலே மிதந்து, சல்லடையருகே நிற்பவரின் மூக்கிலும் நெஞ்சிலும் போய்த் தங்கும் தூசிக்கு மட்டும் தரமுமில்லை, விலையுமில்லை.

விலை பேசப்படாத அந்தத் தூசியின் உறவினன் ஒருவன் இன்று தொழிற்சாலையை விட்டு வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டான். அவன் மரத்தூசி. அவனைக் குறித்தே இங்கு எழுதுகிறேன்.

லக்சபானாவிலே 1950 ஆம் ஆண்டில் நீர்மின்சாரம் பிறந்தது. மலைநாட்டின் ஆறுகளே இலங்கையின் நகரங்களுக்கு விளக்கேற்றின. எனினும் அந்த ஆறுகளின் கரையிலிருந்த லயங்களுக்கு மின்கம்பி வந்து சேரப் பல பத்தாண்டுகள் சென்றன. வந்தபோது விளக்கு மாத்திரம் வரவில்லை; வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, அவற்றின் பின்னே கைத்தொழிலுக்கான இயந்திரங்களும் வந்தன. கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் பரம்பரைச் சொத்தாக ஏற்க மனமில்லாத இளைஞர்களிற் சிலர் மொறட்டுவைப் பக்கத்துத் தளபாடப் பட்டறைகளிலே தச்சுத்தொழில் பயின்று ஊர் திரும்பினர். 'பாஸ்' என்னும் மரியாதைப் பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற அச்சொல், எசமானைக் குறிக்கத் தோன்றி, இலங்கையிலே கைவினைஞனைக் குறித்து நிலைத்தது எத்தனை பொருத்தம்! தன் கையே தனக்கு எசமான் என்று வாழ விரும்பியவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஆனால் எசமானுக்குப் பட்டறை வேண்டுமே. தோட்டத்திலே அவனுக்குச் சொந்தமாக நிலம் இல்லை. ஆகவே லயக் காம்பராவின் முன்னேயுள்ள இஸ்தோப்பே பட்டறையாகிறது. மழைச்சாரலும் குளிர்காற்றும் படாதிருக்க அதனைத் தகரத்தால் அடைத்து, அதற்குள்ளே மின்வாளையும் இழைப்பு இயந்திரத்தையும் மின்தேய்ப்பானையும் வைத்துக்கொள்கிறான். கதவு, யன்னல், கட்டில், அலமாரி, பாடசாலைப் பிள்ளைக்கு மேசை எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. பாராட்டப்பட வேண்டிய முயற்சியே. கூலிக்குக் கைகட்டி நின்ற சமூகத்திலே ஒருவன் தன் வாசலிலே தானே தொழில் செய்வது சிறிய காரியமன்று. அதனாலேயே அந்த முயற்சி அவனுடைய நெஞ்சையும் அவன் பிள்ளைகளின் நெஞ்சையும் விலையாகக் கேட்கக்கூடாது என்கிறேன்.

சிறிது கணக்குப் பார்ப்போம். பழைய லயக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. உயரம் 9 அடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் அடங்கும் காற்று ஏறத்தாழ 30 கன மீற்றர். பிரித்தானியாவிலே வன்மரத் தூசிக்கு விதித்துள்ள எல்லை, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீற்றர் காற்றுக்கு 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் 2 மில்லிகிராம் என்று அதனை இறுக்கியிருக்கிறது. பிரித்தானியரின் எல்லையையே எடுத்துக்கொண்டாலும் நம் காம்பராவின் காற்று முழுவதும் தாங்கக்கூடிய தூசி 90 மில்லிகிராம்தான். சமையலறையிலே நாலு அரிசியை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். அவ்வளவே அதன் எடை. இனி, ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகையை ஒரு மீற்றர் நீளம் மின்வாளால் அறுத்தால் விழும் தூள் எவ்வளவு? வாயின் அகலம் 3 மில்லிமீற்றர் என்று கொண்டால் ஏறத்தாழ 45 கிராம். அதில் ஐந்நூறில் ஒரு பங்கு நுண்டூசியாகக் காற்றிலே நின்றாலே போதும், எல்லை எட்டிவிட்டது. ஒரே ஓர் அறுப்பு! ஒரு கட்டிலுக்கு எத்தனை அறுப்பு, ஓர் அலமாரிக்கு எத்தனை என்பதைத் தச்சரே சொல்லட்டும்.

நிலத்திலே குவியலாக விழும் தூளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது, விளக்குமாற்றுக்கு அடங்குகிறது, அடுப்புக்கும் உதவுகிறது. தகரப் பேணியிலே மரத்தூளை இறுக அடைத்து நடுவே துளைவிட்டு எரிக்கும் அடுப்பை அறியாதார் யார்? அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியாததையே. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரன்; மைக்கிரன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அறுப்பிலும் அதைவிடத் தேய்ப்பிலும் எழும் தூசியில் 10 மைக்கிரனுக்கும் குறைந்த துகள்கள் உண்டு. பெரியவற்றை மூக்கின் உரோமமும் சளியும் தடுத்து நிறுத்துகின்றன. இவை அந்தக் காவலைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன. இன்னும் நுண்ணியவை நுரையீரலின் ஆழத்துக்கே போகின்றன. அசையாத காற்றிலே 10 மைக்கிரன் துகள் ஐந்தடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகும். 5 மைக்கிரன் துகளுக்கு அரை மணி நேரம். 1 மைக்கிரன் துகளுக்கோ அரை நாள்! மாலை ஆறு மணிக்கு வாளை நிறுத்திவிட்டுக் கைகால் கழுவிச் சாப்பிட்டுப் படுத்தவனின் தலைக்கு மேலே, விடியும்வரை அவனுடைய அன்றைய வேலை மிதந்துகொண்டிருக்கிறது. வாளையே தொடாத மனைவியும் மாமியாரும், தொட்டிலிலே கிடக்கும் குழந்தையும் அதனைப் பங்குபோட்டுக் கொள்கிறார்கள்.

தூசி நோய் செய்யும் என்பது மலைநாட்டுக்குப் புதிய செய்தியன்று. கொழும்பிலே பணியாற்றிய கஸ்தெலானி, சாமர்ஸ் என்னும் வைத்தியர் இருவரும் சேர்ந்தெழுதிய வெப்பவலய மருத்துவ நூலின் 1919 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தேயிலைத் தொழிற்சாலை இருமல் பேசப்பட்டிருக்கிறது. அரை நூற்றாண்டின் பின், 1970 ஆம் ஆண்டில், இலங்கையின் நெஞ்சுநோய் நிபுணர் ஊரகொட, தோட்டங்களிலே 'டீமேக்கர்' என்று அழைக்கப்படுபவருக்குத் தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைக் குறித்துப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினார். 1980 இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றி மேலும் ஒரு கட்டுரை அவரிடமிருந்து வந்தது. நாம் பாலும் சீனியும் சேர்த்துக் குடிக்கும் பானத்தின் இலையே, தூளாகி மூச்சிலே ஏறினால் நோயாகிறது. வாயால் உட்கொண்டால் தீங்கற்ற பொருள் மூச்சால் உட்கொண்டாலும் தீங்கற்றதாகவே இருக்கும் என்பது பெரும் மயக்கம். மரத்துக்கும் இதே நியாயந்தான். பலாப்பழத்தைச் சுவைத்தவனுக்குப் பலாமரத் தூசி உறவாகிவிடாது.

மரத்தூசியின் கதையைத் தெளிவாக அறிந்துகொள்ள, இங்கிலாந்தின் ஹை விக்கம் என்னும் நகருக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அதுவும் குன்றுகள் சூழ்ந்த ஊரே. சுற்றிலும் பீச் மரக் காடுகள். அந்தக் காடுகளுக்குள்ளேயே குடிசை போட்டு, காலால் மிதிக்கும் கடைசலிலே நாற்காலிக் கால்களைக் கடைந்தெடுத்தவர்கள் முன்னாளிலே அங்கு வாழ்ந்தனர். பின்னர் தொழிற்சாலைகள் எழுந்தன. இயந்திர வாளும் இயந்திரத் தேய்ப்பும் வந்தன. இங்கிலாந்தின் நாற்காலி நகரம் என்று ஊர் பேர்பெற்றது. அந்த ஊர் வைத்தியசாலையிலே காது, மூக்கு, தொண்டை அறுவை வைத்தியராக இருந்தவர் எஸ்மே ஹாட்பீல்ட் என்னும் பெண்மணி. மூக்கின் உட்குழிகளிலே தோன்றும் மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய், தம்மிடம் வரும் தளபாடத் தொழிலாளரிடையே அடிக்கடி தென்படுவதை அவர் கவனித்தார். கவனித்ததோடு நில்லாமல் எண்ணிப் பார்த்தார். ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த மக்பெத், கௌடெல், அச்சிசன் ஆகியோருடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வு 1968 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே வெளியாயிற்று. பொதுமக்களிடையே காணப்படுவதைப் போல் பன்னூறு மடங்கு அந்நோய் மரவேலையாளரிடம் காணப்பட்டது. அடுத்த ஆண்டே பிரித்தானிய அரசு அதனைத் தொழில்வழி நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு இடம் செய்தது. 1995 ஆம் ஆண்டில் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது ஐயமறத் தெரிந்த பொருள்களின் வரிசையிலே மரத்தூசியைச் சேர்த்தது.

இந்தக் கதையிலே என்னை மிகவும் கவர்வது ஹாட்பீல்டின் கேள்வியே. நோயாளியின் மூக்கைப் பார்த்த அவர், அவனுடைய கையையும் பார்த்தார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலிய வைத்தியர் ரமாசீனி, "உன் தொழில் என்ன?" என்று ஒவ்வொரு நோயாளியையும் கேட்கவேண்டுமென்று வைத்தியர்களுக்குச் சொல்லிவைத்தார். மலைநாட்டிலே இருமல் என்றால் குளிர் என்போம், பனி என்போம், அடுப்புப் புகை என்போம். அவை பொய்யல்ல. ஆயினும் இருமுபவன் காலை முதல் மாலை வரை எதை மூச்சிழுக்கிறான் என்று கேட்போர் சிலரே. மாதக்கணக்காக ஒருபக்க மூக்கு அடைத்திருப்பதும், அடிக்கடி மூக்கிலே இரத்தம் கசிவதும், ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்து திங்கட்கிழமை திரும்பும் இழுப்பும் மரவேலை செய்பவனுக்கு வந்தால், வைத்தியரிடம் அவன் தன் தொழிலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூக்கின் புற்றுநோய் வெளிப்படுவதற்கு இருபது முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. இன்றைய இளைஞன் நாற்பது வயதைத் தாண்டிய பின்னரே கணக்குத் தீர்க்கப்படும்.

எல்லா மரமும் ஒரே குணமுடையதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதிரை மரத்தின் தூசி பட்டுத் தோல் தடித்துப் புண்ணாவது பிறநாட்டுத் தச்சரும் அறிந்த செய்தி. தேயிலைக்கு நிழலாகத் தோட்டமெங்கும் நிற்கும் கிரவிலியாவின் தூளும் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. கனடாவின் மேற்குக் கரையிலே செந்நிறச் சீடர் மரத்தூசி ஆஸ்துமா விளைவிப்பதும், அம்மரத்திலுள்ள ஓர் அமிலமே அதற்குக் காரணமென்பதும் விரிவாக ஆராயப்பட்டவை. கடைகளிலே மலிவாகக் கிடைக்கும் எம்.டி.எப். பலகையோ, மாப்போல் அரைத்த மரத்தைப் பசையோடு சேர்த்து அழுத்தியது. வாள் பட்டதும் மீண்டும் மாவாகவே எழுகிறது. அதைக் காம்பராவுக்குள் அறுப்பதை நினைத்தாலே எனக்கு இருமல் வருகிறது.

"எங்கள் பாட்டனும் முப்பாட்டனும் மரத்தோடு வாழ்ந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையே" என்பார் உளர். பாட்டன் அறுத்தது கைவாளால். அதுவும் மரநிழலிலே, திறந்த வெளியிலே. வாச்சி செதுக்கியது சில்லு. இழைப்புளி சீவியது சுருள். கைவாள் உதிர்த்ததும் பெரும்பாலும் பருமனான தூளே. நிமிடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் முறை சுழலும் மின்வாளும் அரத்தாள் பூட்டிய தேய்ப்பானும் செய்யும் வேலை வேறு. பாட்டனின் தேரும் தேர்ச்சிற்பமும் நமக்குப் பெருமை தரலாம். அவருடைய நுரையீரல் நம்முடைய மின்வாளுக்குச் சான்று சொல்லாது.

யன்னலைத் திறந்து வைத்தால் போதாதோ என்பது அடுத்த வினா. சமவெளியிலே அது ஓரளவு பயன்படும். நுவரெலியாவின் மார்கழிக் குளிரிலே யார் யன்னலைத் திறந்து வைப்பார்? மேலும், யன்னல் வழியே போகும் தூசி எங்கே போகிறது? முதுகோடு முதுகு ஒட்டிய லயத்திலே அது அடுத்த காம்பராவின் கொடியில் உலரும் துணிக்குப் போகிறது. அவர்கள் மூடாமல் வைத்த சோற்றுப் பானைக்குப் போகிறது. மூடுபனி தூசியை அடக்கிவிடும் என்று சிலர் நம்புகின்றனர். வெளியே மண்பாதையிலே அது உண்மையாகலாம். அடைத்த தகரத்துக்குள் பனி வந்து வேலை செய்வதில்லை.

முகக்கவசத்தைப் பற்றி இப்போது நம்மவருக்குப் பாடம் வேண்டியதில்லை; 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்று எல்லாருக்கும் அதனைக் கற்பித்துவிட்டது. துணிக்கவசம் நுண்டூசிக்குத் தடையாகாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என் 95 வகை, நுண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் தடுக்கும். தேய்ப்பு வேலைக்கு அது அவசியமே. ஆயினும் கவசம் காப்பது ஒரு மூக்கை மட்டும். தொட்டிலிலே கிடப்பவனுக்குக் கவசம் யார் கட்டுவார்? தச்சர் அதைக் கழற்றும் நேரத்திலும் தூசி இறங்கியிருக்காது. ஆதலால் கவசத்தைக் கடைசிக் காவலாகக் கொள்வதே முறை. முதற் காவலை வாளின் பல்லருகே வைக்கவேண்டும்.

அங்கே வைப்பதற்குத் தத்துவம் ஒன்று உண்டு. எரியும் விளக்கை ஓரடி தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க எவராலும் இயலாது. ஊதும் காற்று ஒரே திசையிலே பாய்கிறது. உறிஞ்சும் வாய்க்கோ எல்லாத் திசையிலிருந்தும் காற்று வந்து சேர்கிறது. உறிஞ்சு குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு விலகினாலே காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். அறையின் மூலையிலே ஒரு விசிறியைச் சுழலவிட்டுத் தூசியைப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்வது வீண். மேசைவாளின் அடியைப் பலகையால் பெட்டிபோல் அடைத்து, அப்பெட்டியிலே அகலமான குழாயைப் பொருத்தி, அதனை உறிஞ்சும் விசிறியோடு இணைக்க வேண்டும். வாளின் மேற்புறத்துக்கும் மூடி ஒன்று இருந்து, அதிலிருந்தும் ஒரு குழாய் வந்தால் நன்று; ஏனெனில் வாளின் பல் தூளைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, தச்சரின் முகத்தை நோக்கியும் எறிகிறது. குழாய் குறுகியதாயும் வளைவுகள் குறைந்ததாயும் இருக்கட்டும்.

பிடித்த தூளை என்செய்வது? 1885 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே உரிமம் பெற்ற ஒரு கருவி இன்றுவரை அந்த வேலையைச் செய்கிறது. கூம்பு வடிவான பாத்திரத்துக்குள் தூசிக் காற்றைப் பக்கவாட்டிலே செலுத்தினால் அது சுழல்கிறது. பருந்தூள் சுவரிலே மோதிக் கீழே விழ, காற்று நடுவாலே மேலேறிச் செல்கிறது. சுழலும் உறுப்பு ஒன்றுகூட அதற்குள் இல்லை. மூடியுள்ள வாளியையும் கூம்பையும் கொண்டு இதனை வீட்டிலேயே அமைத்துச் சாதாரணத் தூசி உறிஞ்சியின் முன்னே பூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: கூம்பு பிடிப்பது பருந்தூளை, நுண்டூசி அதையும் கடந்து போகும். அதைப் பிடிக்க நல்ல வடிகட்டி வேண்டும். நெருக்கமில்லாத துணிப்பையைத் தொங்கவிட்டால், கீழேயிருந்த நுண்டூசியை மேலே ஏற்றி அறை முழுவதும் தூவும் இயந்திரமாகவே அது முடியும். அயலவர் வாசலை நோக்காத திசையிலே, கூரைக்கு வெளியே காற்றை விட வசதியுள்ளவர் அப்படிச் செய்வதே மேல். பையை உதறுவது வீட்டுக்குள் ஒருபோதும் கூடாது.

பணமில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானது. செலவில்லாத காரியங்களும் சில உண்டு. பெரும்பலகைகளை மழையற்ற நேரத்திலே வெளியே கொண்டுபோய் அளவுக்கு அறுத்துவிட்டு, நுண்ணிய பொருத்து வேலையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். தீட்டிய வாள் பருமனான தூளைத் தருகிறது. மழுங்கிய வாள் மரத்தை அரைக்கிறது. இறுதி மெருகுக்கு மின்தேய்ப்பானை விட்டுப் பாட்டனின் இழைப்புளியைக் கையிலெடுத்தால் தூசிக்குப் பதிலாகச் சுருளே விழும். பழமைப் பற்றினால் இதைச் சொல்லவில்லை. நன்றாகத் தீட்டிய உளி விட்டுச் செல்லும் பளபளப்பை அரத்தாள் தருவதில்லை என்பது கைதேர்ந்த தச்சர் யாவரும் அறிந்தது. காய்ந்த தரையை விளக்குமாற்றால் அடிப்பதும், காற்றுக் குழாயால் ஊதித் துப்புரவு செய்வதும் படிந்த தூசியை மீண்டும் எழுப்புவனவே, ஈரத்துணி போதும். வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, இஸ்தோப்புக்கும் படுக்கும் அறைக்கும் இடையேயுள்ள கதவை வேலை நேரத்திலும் அதன் பின்னும் இறுக மூடி, அடியிலே துணி திணித்து வைக்க வேண்டும்.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு மர ஆலைகள் தூசியால் வெடித்து, ஒவ்வொன்றிலும் இருவர் மாண்டனர். இஸ்தோப்புப் பட்டறை அப்படி வெடித்துவிடும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. எனினும் ஒரு காம்பராவிலே பற்றிய தீ லயம் முழுவதையும் விழுங்கிய செய்தி மலைநாட்டுக்குப் பழக்கமானது. உத்தரத்தின் மேலே விரலளவு படிந்திருக்கும் மரத்தூசி, கீழேயுள்ள அடுப்பின் பொறிக்குக் காத்திருக்கும் பஞ்சு.

சட்டம் என்ன சொல்கிறது? 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசியை மறந்துவிடவில்லை. தூசி எழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே அதனை உறிஞ்சி அகற்ற வேண்டுமென்னும் கொள்கை அதிலே உண்டு. ஆனால் சம்பளத்துக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளாமல் தன் வீட்டிலே தானே வேலை செய்பவனின் இஸ்தோப்பு அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலையாகத் தெரிவதில்லை. அவனுக்கு நோய் வந்தால் நட்டஈடு கேட்கவும் எசமான் இல்லை, எசமான் அவனேயல்லவா! பரிசோதகர் ஒருவர் வந்து காம்பரா காம்பராவாக நுழைந்து பார்க்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அவ்வாறு வந்தால் முதலிலே மூடப்படுவது ஏழையின் பட்டறையாகவே இருக்கும். நான் கேட்பது வேறு. சுயதொழிலுக்குக் கடன் கொடுப்போரும், இயந்திரத்தை நன்கொடையாக வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வோரும், வாளின் விலையோடு உறிஞ்சு விசிறியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தேர்தற் காலத்திலே வாளைக் கொடுத்துவிட்டுப் போவது, கிணற்றை வெட்டிக் கொடுத்து மதிற்சுவரை மறப்பதற்கு ஒப்பாகும். தோட்டந்தோறும் ஓரிரு தச்சர் உள்ள இடத்திலே, லயத்துக்கு எட்டவுள்ள பழைய களஞ்சியமொன்றைப் பொதுப்பட்டறையாகத் தோட்ட நிருவாகம் விட்டுக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். வாளும் விசிறியும் அங்கே இருக்கட்டும். தொட்டில் இங்கே இருக்கட்டும்.

ஆயுத பூசையன்று தச்சர் தம் வாளைத் துடைத்துத் திருநீறு பூசிப் பொட்டிட்டு வணங்குகிறார். தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தையே ரோதை முனி என்று வழிபட்ட மக்கள் நாம். பூசைக்காக ஆண்டுக்கொருமுறை செய்யும் அந்தத் துப்புரவை வாரத்துக்கொருமுறை, ஈரத்துணியோடு, உத்தரம் வரைக்கும் செய்தால் தெய்வமும் மறுக்கப்போவதில்லை.

ஆசிரியர்களுக்கு இதிலே தனிப் பங்குண்டு. உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபின் பாடசாலைகள் பலவற்றிலே வேலைக்கூடங்கள் தோன்றியுள்ளன. அங்கே வாள் பிடிக்கும் முறை கற்பிக்கப்படுகிறது. விரலைக் காக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. விரல் போனால் இரத்தம் தெரிகிறது. ஆகையால் அதைக் காக்கிறோம். தூசிக்கு எளிய பாடம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும் கதிரொளியிலே தெரியும் நுண்ணணுக்களை அண்டங்களுக்கே உவமையாக்கினார் மாணிக்கவாசகர். திருவண்டப்பகுதியைப் படித்த மாணவர் அதை அறிவர். 1870 ஆம் ஆண்டில் இலண்டனிலே டின்டல் என்னும் விஞ்ஞானி, இருண்ட மண்டபத்திலே ஒளிக்கற்றையொன்றைப் பாய்ச்சி, தூய்மையானதென்று எல்லாரும் எண்ணியிருந்த காற்றிலே மிதக்கும் தூசியை அவையோருக்குக் காட்டினார். அதே வழியைப் பின்பற்றித் தொழிற்சாலைகளிலே தூசி விளக்குப் பரிசோதனை நடத்தப்படுகிறது. நம் பாடசாலைக்கு ஒரு கைமின்விளக்குப் போதும். வேலைக்கூடத்தின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, குழாய் பூட்டாத வாளால் ஒரு பலகையை அறுத்து நிறுத்திவிட்டு, மாணவர் கவசம் அணிந்து ஒருபுறம் நிற்க, எதிர்ப்புறமிருந்து விளக்கைப் பாய்ச்சுங்கள். பத்து நிமிடத்துக்குப் பின் மறுபடியும் பாய்ச்சுங்கள். அரை மணிக்குப் பின் மீண்டும். மறுநாள் குழாயைப் பூட்டி அதே பலகையை அறுத்து, அதே நேரங்களிலே விளக்கைப் பாய்ச்சி, இரண்டு நாட்களிலும் கண்டதை மாணவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர்களில் யாருடைய வீட்டு இஸ்தோப்பிலே மின்வாள் இருக்கிறதோ, அந்தப் பிள்ளை அன்றிரவு கைமின்விளக்கை இரவல் கேட்டு வாங்கிப் போனால் கொடுத்தனுப்புங்கள்.